சரியாகப் போட்டதற்குக் காரணம் கேட்டவர்

முதலில் ஒரு திருத்தம். பேச்சியம்மாள் டீச்சருக்காக நம் பள்ளியில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் ஐந்து பேர் பேசினார்கள். அவர் பிள்ளைகளை வாய் நிறையப் பாராட்டுவார், அந்தப் பாராட்டில்தான் எத்தனையோ பெண்கள் தலைநிமிர்ந்தார்கள் என்று ஐவருமே சொன்னார்கள். மேடையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். இறந்தவரைப் பற்றி நல்லதாகத்தானே சொல்கிறார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்தத் தொடங்கியது. அவர் யாரையும் பாராட்டியதில்லை. நான் தலைமையாசிரியையாக இருந்த பதினாறு ஆண்டுகளும் அவர் அங்கே கணக்கு ஆசிரியை. ஒரு நோட்டில்கூட 'வெரிகுட்' என்று அவர் எழுதி நான் பார்த்ததில்லை. அந்தப் பள்ளியில் பாராட்டியது நான். என் பாராட்டு ஒன்று ஒரு பெண்ணுக்குக் கேடாக முடிந்தது. அவளிடம் அதை ஒப்புக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று டீச்சர் என்னைக் கடைசிவரை கேட்டார். நான் சொல்லவில்லை. பழைய மாணவிகள் இந்த நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டபோது உடனே சம்மதித்தது அதற்காகத்தான்.

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. ராஜபாளையத்தில் என் வீட்டில் மோட்டார் போட்டுவிட்டுத் தொட்டி நிறையக் காத்திருந்தேன். டீச்சர் திருமணம் செய்துகொள்ளாதவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் மகள் செல்வியோடு இருந்தார். போனில் செல்விதான். "பெரியம்மா, அத்தை போயிட்டாக" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "காப்பி கேட்டாக. போட்டுக் கொண்டாரதுக்குள்ள…" என்று நிறுத்திக்கொண்டாள். போனை வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். தொட்டி நிறைந்து மாடியிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்து மோட்டாரை நிறுத்தினார்.

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ரதவீதிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன வீடு பழைய மாணவிகளால் நிறைந்திருந்தது. நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள். சுவரோரம் நின்ற ஒருத்தி அழுதுகொண்டே பக்கத்தில் இருந்தவளிடம், "நான் எப்பவும் எம்பது போடுவேன்டி, முப்பத்தொம்பது வாங்குவேன்" என்றாள். மற்றவள், "நீ எம்பது போட்டதுக்கே உன்னைக் கும்பிடணும்" என்றாள். இரண்டு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வெளியாட்களுக்கு இது விளங்காது. விளக்குகிறேன்.

எந்தக் கணக்குத் தேர்வானாலும், விடைத்தாளைக் கொடுப்பதற்கு முன் வலது மூலையில் ஒரு கட்டம் போட்டு, தனக்கு எத்தனை மதிப்பெண் வரும் என்று அந்தப் பெண்ணே அதில் எழுத வேண்டும். இது பேச்சியம்மாள் டீச்சர் வைத்த வழக்கம். திருத்தி முடித்ததும் கட்டத்துக்குப் பக்கத்தில் உண்மையில் வந்த மதிப்பெண்ணை எழுதுவார். பிறகு இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பார்ப்பார். தூரம் அதிகமாக இருப்பவர்களை மதிய இடைவேளையில் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். கூட்டிப் போட்டவர்களை அவர் அவசரப்பட்டுக் கூப்பிட மாட்டார். குறைத்துப் போட்டவர்களுக்குத்தான் முதல் அழைப்பு.

ஆசிரியர் கூட்டத்தில் நான் இதை எதிர்த்தேன். "இதென்ன டீச்சர், கிளி ஜோசியமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "ஜோசியந்தாம்மா. ஆனா இங்க கிளியே தனக்குச் சீட்டு எடுக்குது. எந்தச் சீட்டை எடுக்குதுன்னு நாம பாக்கணும்ல?" என்றார். பிறகு சிரிப்பு போய், "கூடப் போட்ட பிள்ளை பேப்பரைப் பாத்ததும் அழுகும், நாளைக்குச் சரியாயிரும். கொறச்சுப் போட்ட பிள்ளை அழுகாது. அதுதாம்மா எனக்குப் பயமா இருக்கு" என்றார். மம்சாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, தமிழ் வழியிலேயே படித்து வந்தவர். அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றேன்.

என்னதான் செய்கிறார் என்று பார்க்க ஒரு மதியம் ஒன்பதாம் வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நின்றேன். தனக்கு முப்பது போட்டு அறுபத்தெட்டு வாங்கியிருந்த ஒரு பெண் அவர் முன்னால் நின்றாள்.

"இந்த அறுபத்தெட்டு யாருது?"

"தெரியல டீச்சர்."

"உன் பேருதான போட்டிருக்கு?"

"ஆமா டீச்சர்."

"அப்ப நீதான் வாங்கியிருக்க. ஆறாவது கணக்கு சரி. ஏன் சரி?"

"தப்பா டீச்சர்?"

"ஏட்டி, சரின்னுதான சொல்லுதேன். ஏன் சரின்னு கேக்கேன். முழிக்காத. எப்படிப் போட்ட, சொல்லு."

தப்பு செய்தால்தான் டீச்சர்கள் கேட்பார்கள் என்று பழகிய பிள்ளை. ஆறாவது கணக்கில் தப்பைத் தேடி விரலை மேலும் கீழும் ஓட்டினாள். கிடைக்கவில்லை. பிறகு வேறு வழியில்லாமல் சொல்லத் தொடங்கினாள். ஆறாவது முடிந்து ஏழாவதுக்கு வந்தபோது அவள் குரல் சற்றுப் பெரிதாகிவிட்டது. எட்டாவதில் டீச்சரே குறுக்கே ஏதோ கேட்க, "இல்ல டீச்சர், அப்படிப் போட்டா வராது" என்றாள். இப்போதாவது டீச்சர் ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். "சரி, போய்ச் சாப்பிடு, ரசம் ஆறிப்போயிரும்" என்றார்.

ஒரு வார்த்தை பாராட்டினால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "நான் சொன்னா அது என் வார்த்தைம்மா. நான் ரிட்டயர்டு ஆகும்போது என்கூடவே வந்திரும். பிள்ளை வாயால வந்தா பிள்ளைகிட்டயே கெடக்கும்" என்றார். போகிற போக்கில், "தப்புக்குக் காரணம் எல்லாரும் கேக்குறாக. சரிக்கு யாரு கேக்குறா?" என்றார். அன்று அது எனக்கு வெறும் சாமர்த்தியப் பேச்சாகப் பட்டது.

நான் மதுரையில் கான்வென்ட்டில் படித்தவள். ஒரு பெண் தன்னைப் பற்றித் தானே பேசக்கூடாது என்பது சிஸ்டர்கள் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். பரிசு வாங்கும்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வாங்க வேண்டும். நான் அப்படித்தான் வாங்கினேன், நிறையவே வாங்கினேன். ஓர் ஆண்டு அரையாண்டுத் தேர்வுத் தாள்களில் சிலவற்றை எடுத்துப் பார்த்தபோது எட்டாம் வகுப்பு முத்துமாரியின் தாள் என் கைக்கு வந்தது. வன்னியம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். அப்பாவும் அம்மாவும் வயல்காட்டுக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். தொண்ணூற்றிரண்டு வாங்கியிருந்தாள். கட்டத்தில் முப்பத்தைந்து என்று எழுதியிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவளை மேடைக்குக் கூப்பிட்டேன். "தொண்ணூற்றிரண்டு வாங்கிய பெண் தனக்கு முப்பத்தைந்து போட்டிருக்கிறாள். அடக்கம் என்றால் என்ன என்று இவளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்" என்றேன். என் கையால் ஒரு மைப்பேனாவைக் கொடுத்தேன். பள்ளி முழுவதும் கைதட்டியது. முத்துமாரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வாங்கினாள். அதையும் சேர்த்துப் பாராட்டினேன்.

கூட்டம் முடிந்ததும் பேச்சியம்மாள் டீச்சர் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அம்மா, அந்தப் பிள்ளை அடக்கமா இல்ல. பயந்துபோயிருக்கு. பயத்துக்குப் பேனா குடுத்திட்டீக" என்றார். உங்கள் வகுப்புக்கு மணி அடித்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த தேர்வில் விளைவு தெரிந்தது. பள்ளியிலேயே முதலாவதாக வரும் பெண் தனக்குப் பன்னிரண்டு போட்டிருந்தாள். எப்போதும் எண்பது போடுகிறவள்கூட இருபதுக்கு இறங்கியிருந்தாள். ஏழாம் வகுப்பில் ஒருத்தி பூஜ்யம் போட்டு, அதன் கீழே 'எல்லாம் தலைமையாசிரியை அம்மாவின் ஆசீர்வாதம்' என்று எழுதியிருந்தாள். டீச்சர் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். "ஸ்கூல் பூரா ஒரே அடக்கமா இருக்கும்மா. மூச்சு முட்டுது" என்றார். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது வருகிறது, சேர்ந்து சிரிக்க ஆள்தான் இல்லை.

அதைச் சரிசெய்ய அவருக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. கட்டம் போட்ட மூலையை மடித்துக் குண்டூசி குத்திக் கொடுக்கச் சொன்னார். "இதை நான் ஒருத்திதான் பிரிப்பேன். ஹெச்.எம். அம்மா பாக்க மாட்டாக" என்று என்னை வைத்துக்கொண்டே வகுப்பில் சொன்னார். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர் போட்ட உத்தரவுக்கு நான் தலையாட்டியது அந்த ஒருமுறைதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டங்களில் இருந்த எண்கள் மேலே ஏறின.

முத்துமாரியின் எண் மட்டும் ஏறவில்லை. ஏற வேண்டிய அவசியம் அவளுக்கு என்ன? அவளுடைய பயத்துக்கு நல்ல பெயர் வைத்து மேடையேற்றியது நானல்லவா? டீச்சர் அவளை மதியந்தோறும் உட்காரவைத்துக் கேட்டார். "ஏதோ வந்திருச்சு டீச்சர்" என்பாள். எப்படி வந்தது என்று விடாமல் கேட்டால், பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து எழுதினேன் என்பாள். பக்கத்தில் இருந்தவள் நாற்பதைத் தாண்டாதவள். தான் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்வதைவிடத் திருடியதாகச் சொல்வது அந்தப் பிள்ளைக்குச் சுலபமாக இருந்தது. டீச்சர் இதை என்னிடம் வந்து சொன்ன அன்று சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அவள் கணக்கில் தொண்ணூற்றேழு வாங்கினாள். நம் பள்ளி பத்தோடு முடிந்துவிடும். மேல்நிலைப் பள்ளியில் கணக்கு குரூப்பில் சேர அவள் விண்ணப்பம்கூட வாங்கவில்லை என்று தெரிந்ததும் டீச்சர் இரண்டு முறை வன்னியம்பட்டிக்குப் போய்வந்தார். மூன்றாம் முறை என்னையும் கூப்பிட்டார். "நான் சொன்னா கேக்க மாட்டேங்கா. நீங்க சொன்னாத்தான் கேப்பா. நீங்க சொன்னதைத்தான கேட்டுக்கிட்டு இருக்கா" என்றார்.

முத்துமாரியின் அம்மா எங்களைப் பார்த்ததும் பதறிவிட்டாள். "ஹெச்.எம். அம்மாவே வீடு தேடி வந்திருக்காக. ஏட்டி, பாயை விரி" என்று மகளை விரட்டினாள். கடைக்கு ஆள் விட்டுக் கலர் சோடா வாங்கி வரச் செய்தாள். டீச்சர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எனக்குக் கணக்கு வராது டீச்சர்" என்றாள் முத்துமாரி. "இந்த வருசம் பேப்பர் லேசா இருந்துச்சு."

"உனக்கு மட்டும் தனியா லேசா அடிச்சாகளா? எல்லாருக்கும் அதே பேப்பர்தான?"

அவள் அம்மாதான் பெருமையோடு சொன்னாள்: "அது எப்பவும் அப்படித்தான் டீச்சர். தன்னைப் பத்தி ஒரு வார்த்தை ஒசத்தியாச் சொல்லாது. அடக்கமான பிள்ளைன்னு அம்மாவே மேடையில வச்சுச் சொன்னாகளே!" எழுந்துபோய்ச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து நான் கொடுத்த பேனாவை எடுத்துவந்து காட்டினாள். சுற்றியிருந்த தாள்கூடப் பிரிக்கப்படவில்லை.

முத்துமாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது தவறு, உனக்குக் கணக்கு நன்றாக வரும் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அவள் அம்மாவுக்கு முன்னால், எனக்குக் கீழே வேலை பார்க்கும் ஆசிரியைக்கு முன்னால், அந்த ஒரு நிமிடத்துக்கு எனக்கு மனம் வரவில்லை. "எந்த குரூப் எடுத்தாலும் நன்றாகப் படிக்க வேண்டும்" என்றேன். கலரைக் குடித்தேன். எழுந்துவிட்டேன்.

திரும்பும்போது டீச்சர் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நான் ராஜபாளையம் பஸ்ஸுக்கு நின்றபோது, "ஒரு வார்த்தைம்மா. அம்புட்டுத்தான்" என்றார்.

முத்துமாரி வேறு ஏதோ குரூப்பில் சேர்ந்து ஓராண்டில் நின்றுவிட்டாள். கொஞ்ச நாள் மில்லுக்குப் போனாள். திருமணமாகித் திருப்பூர்ப் பக்கம் போனதாகக் கேள்வி. பிறகு பெற்றோரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். இவ்வளவுக்கும் நான் ஒருத்தியே காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் வேறு கஷ்டங்களும் இருந்தன. ஆனால் அவள் என் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்குக் காத்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

இத்தனைக்குப் பிறகும் அவர் எப்படி எனக்குத் தோழியானார் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இருவரும் ஓய்வு பெற்ற பிறகு வியாழக்கிழமைதோறும் பஸ் ஏறி ராஜபாளையத்துக்கு வருவார். என் கணவர் இறந்தபோது வந்தவர்கள் எல்லோரும் நீங்கள் தைரியசாலி, சமாளித்துவிடுவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் மட்டும், "இன்னைக்கு எம்புட்டும்மா?" என்று கேட்டார். எனக்குப் புரிந்தது. ஐந்து என்றேன். "சரி" என்றார். அதைக் கூட்டிச் சொல்ல அவர் முயலவில்லை. பல வாரங்கள் ஐந்தாகவே இருந்தது. ஒரு வியாழக்கிழமை நான் இருபது என்றேன். "பதினஞ்சு கூடியிருக்கே. எப்படி வந்துச்சு?" என்றார். யோசித்துப் பார்த்து, அன்று பென்ஷன் ஆபீஸுக்குத் தனியாகப் போய், உட்காரச் சொல்லாத ஒரு பையனை எழுந்து நிற்கவைத்துக் காரியத்தை முடித்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "பொறவு?" என்றார். அதற்கு அடுத்ததையும் சொன்னேன். மாலைவரை சொல்லிக்கொண்டிருந்தேன். முடிவில் அவர் எழுந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று குடையை எடுத்துக்கொண்டார்.

இப்போதும் வியாழக்கிழமை மதியம் இரண்டு டம்ளர் அரிசி போட்டுவிடுகிறேன். தெருவில் குடையோடு யாராவது திரும்பினால் எழுந்து வாசலுக்குப் போகிறேன். என்னைத் திட்டவும் கேட்கவும் உரிமையோடு இருந்த கடைசி ஆள் அவர். எண்பதை நெருங்கும் என்னிடம் எல்லோரும் மரியாதையாக இருக்கிறார்கள். அது போதவில்லை.

நான் கடைசியாகப் பார்த்தபோது அவர் கட்டிலில் தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். "முத்துமாரியைத் தேடிப் பிடிச்சு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிருங்கம்மா" என்றார்.

"அவளுக்கே நாற்பது வயசு ஆகப்போகுது. மறந்திருப்பா" என்றேன்.

"மறந்திருந்தா நல்லது. மறக்கலேன்னா?"

நான் செல்வியைக் கூப்பிட்டு மாத்திரை கொடுத்தாயிற்றா என்று கேட்டேன். டீச்சர் சிரித்துவிட்டார். "அம்மா மார்க் போடுறதுல கெட்டி. வாங்குறதுன்னா மட்டும் பெல் அடிச்சிரும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. செத்த நேரம் இருந்துவிட்டுப் போங்கள் என்று அவர் சொல்லியும், பஸ்ஸைக் காரணம் காட்டிக் கிளம்பிவிட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: ஒரு பிள்ளை ஒன்றைச் சரியாகச் செய்தால், எப்படிச் செய்தாய் என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. பக்கத்து வீட்டுப் பெண் ஏழாம் வகுப்பு. ஆங்கிலம் படிக்க என்னிடம் வருகிறாள். அவளிடம் முயன்று பார்க்கிறேன். பாதி நாள் தோற்றுப்போகிறேன். 'குட் கேர்ள்' முந்திக்கொண்டு வந்துவிடுகிறது.

முத்துமாரி, இது உன் கண்ணில் படுமா என்று எனக்குத் தெரியாது. உன்னோடு படித்தவர்கள் யாராவது இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உனக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்று கூட்டத்தில் நான் உன்னைப் பற்றிச் சொன்னது தவறு. உன் வீட்டுக்கு வந்தும் அதைத் திருத்தாமல் போனது அதைவிடப் பெரிய தவறு. நீ பயந்திருந்தாய். அதைக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் இருந்த நான், ஊரைக் கூட்டிக் கைதட்டவைத்தேன். உனக்குக் கணக்கு வந்தது. நீ யாரையும் பார்த்து எழுதவில்லை. பேச்சியம்மாள் டீச்சர் உன்னை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. உன்னை மறக்கவும் இல்லை. இதை அவர் இருக்கும்போதே எழுதி, அவரிடம் படித்துக் காட்டியிருக்க வேண்டும். செய்யவில்லை.

எனக்கு உன் பதில் வேண்டும். போனில் வேண்டாம், போனில் நான் குறுக்கே பேசுவேன், எனக்குப் பிடித்ததை மட்டும் கேட்டுக்கொள்வேன். பள்ளி முகவரிக்கு என் பெயரைப் போட்டு எழுதினால் கொண்டுவந்து கொடுப்பார்கள். கோபமாக இருந்தாலும் சரி, நான்கு வரியாக இருந்தாலும் சரி. தயவுசெய்து கடிதமாக எழுதி அனுப்பு.